கேள்வி – பதில்: கிரிப்டோவைப் பூட்டி வைக்க ஒரு பென்டிரைவ் போதுமா?

2024 ஜூலையில், கிரிப்டோ வாங்கி விற்கும் தளமான (எக்ஸ்சேஞ்ச்) வசீர்எக்ஸிலிருந்து ஏறத்தாழ 2,000 கோடி ரூபாய் மதிப்புள்ள கிரிப்டோ களவு போனது. எக்ஸ்சேஞ்சில் விடாமல் நாமே எப்படி வைத்துக்கொள்வது என்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்ட வாசகர்கள் கேட்டவற்றில் சில இங்கே. கேட்டவர்களின் பெயரை வேண்டுமென்றே போடவில்லை. கையில் காயின் இருக்கிறது என்று ஊருக்குச் சொல்வது, வீட்டில் எத்தனை சவரன் இருக்கிறது என்று வாசலில் எழுதி ஒட்டுவது மாதிரி.

பிட்காயினைப் பென்டிரைவில் போட்டு பீரோவில் வைக்கலாம் என்கிறார்கள். பென்டிரைவ் கெட்டுப்போனால் பணமும் போய்விடுமா?
– வாசகர், காட்பாடி

காயின் பென்டிரைவுக்குள் இல்லை. எந்த முகவரியில் எவ்வளவு என்ற கணக்கு, உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் இருக்கும் பிளாக்செயினில் இருக்கிறது. உங்களிடம் இருப்பது அதைச் செலவழிக்கும் சாவி. அந்தச் சாவியை, அதைக் கையாளும் வாலட் என்ற மென்பொருள் 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களாகத் தரும். இதைத்தான் சீட் என்கிறார்கள். சீட் காகிதத்தில் சரியாக இருந்தால் பென்டிரைவ் கிணற்றில் விழுந்தாலும் கவலையில்லை, வேறொரு கணினியில் வாலட்டை மீட்டுக்கொள்ளலாம். சீட்டை எழுதாமல் பென்டிரைவை மட்டும் நம்பினால், ஆம், போய்விடும். ஃபிளாஷ் நினைவகத்தில் தகவல் மின்னேற்றமாக நிற்கிறது. செருகாமலே வருஷக்கணக்கில் கிடந்தால் மெல்லக் கசியும், சூடு ஏற ஏற வேகமாகக் கசியும். வேலூர் மே மாதத்தில் இரும்பு பீரோவுக்குள் எவ்வளவு சூடு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

பிறகு எதற்குப் பென்டிரைவ்? சீட் உருவாகும்போதும், பணம் அனுப்பக் கையெழுத்துப் போடும்போதும் (அதாவது சாவியால் ஒப்புதல் தரும்போதும்) வைரஸும் நெட்டும் இல்லாத ஒரு கணினி வேண்டும். ஹார்ட் டிஸ்கைத் தொடாமல் தன்னிலிருந்தே கணினியை எழுப்பும் பூட் பென்டிரைவ் தருவது அந்தச் சுத்தமான கணினியைத்தான்.

வீட்டில் ஒரே லேப்டாப். பையன் அதில் கண்ட கேமையும் ஏற்றி வைத்திருக்கிறான். பூட் பென்டிரைவ் போட்டால் அதிலேயே பாதுகாப்பாக வாலட் உண்டாக்க முடியுமா? படிப்படியாகச் சொல்லவும்.
– வாசகி, சத்துவாச்சாரி

முடியும். கிராக் செய்த கேமோடு வரும் திருட்டு நிரல்கள் பெரும்பாலும் ஹார்ட் டிஸ்கில் இருக்கும் விண்டோஸுக்குள்தான் ஓடும். விண்டோஸே எழாதபோது அவையும் எழாது. மதர்போர்டு சிப்புக்குள்ளேயே ஒளியும் வகையும் உண்டு. 2018-ல் லோஜாக்ஸ் என்று ஒன்று பிடிபட்டது. ஆனால் அது சாதாரண வீட்டை நோக்கி வருவது மிக அபூர்வம்.

நல்ல கம்பெனி பென்டிரைவ் இரண்டு வாங்குங்கள். 8 ஜிபி கட்டாயம், 16 ஜிபி தாராளம். விலை மலிந்த போலிகளில் 64 ஜிபி என்று அச்சடித்து உள்ளே 8 ஜிபி இருக்கும், எழுதும்போது பாதியில் நிற்கும். டெயில்ஸ் என்ற இலவச லினக்ஸை அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்கி, அதே பக்கத்தில் கேட்கும் சரிபார்ப்பையும் முடித்துவிடுங்கள். அந்தக் கோப்பைப் பென்டிரைவுக்குள் காப்பி–பேஸ்ட் செய்தால் பூட் ஆகாது. பலர் தடுமாறுவது இங்கேதான். ரூஃபஸ் அல்லது எட்சர் என்ற மென்பொருள் கொண்டு எழுத வேண்டும்.

அடுத்த தடை விண்டோஸ். சாதாரணமாக ஷட்டவுன் கொடுத்தால் அது முழுதாக அணைவதில்லை, பாதி உறங்குகிறது. ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ஷட்டவுன் கொடுங்கள். மறுபடி ஆன் செய்யும்போது டெல், லெனோவாவில் எஃப்12, எச்பி-யில் எஸ்கேப் அழுத்தி எஃப்9, ஆசஸில் எஸ்கேப். வரும் பட்டியலில் பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். ஏசரில் எஃப்12 பல சமயம் பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) அணைத்து வைக்கப்பட்டிருக்கும், முதலில் எஃப்2 போட்டு உள்ளே போய் இயக்க வேண்டும். அங்கே போனவர்கள் "செக்யூர் பூட்"டைத் தொடாதீர்கள். டெயில்ஸுக்கு அதை அணைக்கத் தேவையில்லை. அணைத்துவிட்டால், பிட்லாக்கர் என்ற விண்டோஸ் டிஸ்க் பூட்டு இயங்கும் லேப்டாப் அடுத்த முறை விண்டோஸ் ஏறும்போது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நிற்கும்.

டெயில்ஸின் வரவேற்புத் திரையில் கூட்டல் குறியைத் தட்டி "ஆஃப்லைன் மோட்" தேர்ந்தெடுங்கள். வைஃபை, புளூடூத், லேன் எல்லாம் அடங்கிவிடும். எலெக்ட்ரம் என்ற பிட்காயின் வாலட் அதிலேயே இருக்கிறது. புது வாலட், ஸ்டாண்டர்ட், புது சீட் என்று போனால் 12 சொற்கள் வரும். பென்சிலால் காகிதத்தில் எழுதுங்கள். போன் அந்த அறையிலேயே இருக்க வேண்டாம். பிறகு வாலட் தகவல் பக்கத்தில் "மாஸ்டர் பப்ளிக் கீ" என்ற நீண்ட எழுத்துக்கோவை க்யூஆராக வரும். சீட் திரையிலிருந்து போய்விட்டது என்று உறுதிசெய்த பிறகே போனை எடுத்து, போனில் உள்ள எலெக்ட்ரமில் அதை ஸ்கேன் செய்யுங்கள். இதனால் போனில் இருப்பைப் பார்க்கலாம், பணம் வாங்க முகவரி எடுக்கலாம், செலவழிக்க முடியாது. இரண்டு திரையிலும் முதல் முகவரி ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். "பிசி1க்யூ" என்று தொடங்கும்.

இப்போது லேப்டாப்பை அணைத்து, மறுபடி டெயில்ஸ் ஏற்றி, காகிதத்தைப் பார்த்துச் சீட்டைத் தட்டி வாலட்டை மீட்டுப் பாருங்கள். அதே முதல் முகவரி வந்தால்தான் நீங்கள் எழுதியது சரி. இதைச் செய்யாமல் ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம். வந்த பிறகும் முதலில் சிறு தொகை. எக்ஸ்சேஞ்சிலிருந்து அது வந்து சேர்ந்ததைப் பார்த்துவிட்டு மீதி.

காகிதத்தின் மூலையில் "எலெக்ட்ரம் சீட்" என்றும் வருஷத்தையும் குறித்து வையுங்கள். எலெக்ட்ரமின் 12 சொற்கள், பிற வாலட்கள் பயன்படுத்தும் பிஐபி39 முறையிலிருந்து வேறுபட்டவை. இது தெரியாமல் பத்து வருஷம் கழித்து வேறு வாலட்டில் தட்டினால் "தவறான சீட்" என்று வரும், வீட்டில் எல்லோரும் பதறுவார்கள்.

வாலட்டைப் பென்டிரைவிலேயே சேமிக்க விரும்பினால் டெயில்ஸில் "பெர்சிஸ்டென்ட் ஸ்டோரேஜ்" உண்டு, கடவுச்சொல்லோடு குறியாக்கம் ஆகும். அப்படிச் செய்தால் இரண்டாவது பென்டிரைவில் டெயில்ஸ் க்ளோனர் கொண்டு பிரதி எடுங்கள். அந்தப் பென்டிரைவை யாராவது விண்டோஸ் ஓடும்போது செருகினால் "டிஸ்கை ஃபார்மட் செய்ய வேண்டும்" என்று பெட்டி வரும். ஓகே தட்டினால் எல்லாம் அழியும். பையனிடம் இதைச் சொல்லி வையுங்கள், அல்லது பென்டிரைவைக் கண்ணில் காட்டாதீர்கள்.

ப்ளஸ் டூவில் அரசு கொடுத்த இலவச லேப்டாப் தூசி படிந்து கிடக்கிறது. அதை இதற்கென்றே ஒதுக்கலாமா?
– வாசகர், குடியாத்தம்

அருமையான உபயோகம். தினசரி லேப்டாப்பில் பூட் பென்டிரைவ் போடுவதைவிட ஒரு படி மேல். முதலில் ராமைப் பாருங்கள். பழைய தொகுதிகளில் 2 ஜிபி மட்டும் இருந்தால் இன்றைய டெயில்ஸ் திணறும். 4 ஜிபி ஆக்கிக்கொள்ளுங்கள். டிடிஆர்3 லேப்டாப் ராம், பழுது பார்க்கும் கடைகளில் பழையதாகவே கிடைக்கும். பயாஸ் கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருந்து அது நினைவில்லை என்றால் அந்த லேப்டாப்பை விட்டுவிடுங்கள்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு அடிப்பக்க ஸ்க்ரூக்களை எடுங்கள். ஹார்ட் டிஸ்கை வெளியே எடுத்துவிடுங்கள். இதன் முக்கியப் பலன், அவசரத்தில் யாரும் பழைய விண்டோஸை ஏற்றி சீட்டை அதில் தட்டிவிட முடியாது என்பது. அடுத்து வைஃபை கார்டு: கட்டைவிரல் அகலப் பச்சைப் பலகை, அதன்மேல் கறுப்பு, வெள்ளை என்று இரண்டு மெல்லிய ஆன்டெனா வயர். வயர்களை நேராக மேலே தூக்கிக் கழற்றி, நுனியில் டேப் சுற்றி, ஸ்க்ரூவை எடுத்தால் கார்டு தானாக எழும்பும். பெரும்பாலும் புளூடூத்தும் அதே கார்டில்தான். லேன் சாக்கெட்டில் ஒரு துண்டு டேப்.

பத்து வருஷம் கிடந்த போர்டில் சிஆர்2032 பட்டன் பேட்டரி செத்திருக்கும். ஒவ்வொரு முறையும் தேதி அழிந்து, எஃப்1 அழுத்து என்று நிற்பது அதனால்தான். ஆஃப்லைன் கையெழுத்துக்குத் தேதி முக்கியமில்லை. ஆனாலும் மாற்றிவிடுவது நல்லது. பெரிய பேட்டரி உப்பியிருந்தால் திரும்ப மாட்டாதீர்கள், அடாப்டரிலேயே ஓட்டலாம். அப்போது கரண்ட் போனால் சட்டென்று அணையும். பெர்சிஸ்டென்ட் ஸ்டோரேஜில் எழுதிக்கொண்டிருக்கும் நேரமாக இருந்தால் அது பழுதாக வாய்ப்புண்டு. இன்வெர்ட்டர் இணைப்பில் வைத்து வேலை செய்யுங்கள்.

இதன்பிறகு அந்த லேப்டாப் ஒருநாளும் நெட்டுக்குப் போகக் கூடாது. "ஒரே ஒரு அப்டேட்" என்று போனின் ஹாட்ஸ்பாட்டைச் செருகும் நாளில் இத்தனை வேலையும் வீண். புது டெயில்ஸ் வேண்டுமானால் வேறு கணினியில் பென்டிரைவை எழுதிக்கொண்டு வாருங்கள்.

நெட்டே இல்லாத லேப்டாப்பிலிருந்து பணத்தை எப்படி அனுப்புவது?
– வாசகர், ஆம்பூர்

அனுப்புவது நெட் உள்ள கணினி. கையெழுத்து மட்டும் நெட் இல்லாததில். தினசரி லேப்டாப்பில் எலெக்ட்ரமை நிறுவி, மாஸ்டர் பப்ளிக் கீ மட்டும் கொடுத்து "பார்க்க மட்டும்" வாலட் வைத்துக்கொள்ளுங்கள். அதில் முகவரி, தொகை, கட்டணம் போட்டுப் பரிவர்த்தனையைத் தயாரித்து, கையெழுத்து இல்லாமல் கோப்பாகச் சேமியுங்கள். இதற்கென்றே வைத்த மெமரி கார்டில் அந்தக் கோப்பு போகட்டும். ஆஃப்லைன் லேப்டாப்பில் கோப்பைத் திறந்து, கையெழுத்திட்டு, அதே கார்டில் சேமித்து, திரும்ப நெட் உள்ள லேப்டாப்பில் திறந்து "பிராட்காஸ்ட்". கேமரா நன்றாக இருந்தால் க்யூஆரிலும் செய்யலாம். பழைய லேப்டாப் கேமராக்கள் நெருக்கமான க்யூஆரைப் படிக்காமல் உயிரை வாங்கும்.

கையெழுத்துக்கு முன் ஆஃப்லைன் திரையில் முகவரியை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். நெட் உள்ள லேப்டாப்பில் கிளிப்போர்டைக் கவனிக்கும் நிரல் இருந்தால், நீங்கள் காப்பி செய்த முகவரிக்குப் பதில் திருடனின் முகவரி ஒட்டப்படும். முதல் நாலும் கடைசி நாலும் ஒத்துப்போகும்படியே முகவரி தயாரிக்கிறார்கள். அதனால் நடுவிலும் பாருங்கள். மீதித் தொகை உங்களுக்கே திரும்பும் "சேஞ்ச்" முகவரியை எலெக்ட்ரம் மஞ்சளாகக் காட்டும். மீதி இருந்தும் மஞ்சள் இல்லையென்றால் நிறுத்துங்கள்.

கட்டணம் பற்றி ஒரு சொல். அது தொகையைப் பொறுத்ததல்ல, பரிவர்த்தனையின் அளவைப் பொறுத்தது. எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒரே தடவை எடுத்தால், பிறகு அதைச் செலவழிக்கச் சுமார் 141 வி-பைட் (பரிவர்த்தனை அளவின் அலகு). 20 தடவை கொஞ்சம் கொஞ்சமாக எடுத்திருந்தால் சுமார் 1,400. வி-பைட்டுக்கு 50 சடோஷி (பிட்காயினில் பத்துக் கோடியில் ஒரு பங்கு) என்ற நாளில் முன்னது 7,000 சடோஷி, பின்னது 70,000. சேர்த்து எடுங்கள்.

12 சொற்களைக் காப்பாற்றுவதைவிட எனக்குப் பிடித்த இரண்டு குறளையே சாவியாக்கினால் மறக்கவே மறக்காதே?
– வாசகர், ஆரணி

மறக்காது. திருடனுக்கும் மறக்காது. குறள் 1,330. அதில் இரண்டை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் வழிகள் சுமார் 17.7 லட்சம். ஆங்கில எழுத்தில் எழுதும் விதங்களை ஆயிரமாக வைத்தாலும் கணினிக்கு அது சிறு வேலை. இப்படி மனிதர் யோசித்த வாக்கியங்களை முன்கூட்டியே முகவரியாக்கி, பணம் விழுந்த நொடியில் அள்ளும் நிரல்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. பிஐபி39-ன் 12 சொற்களுக்கு உள்ள சாத்தியங்களை எழுதினால் 39 இலக்க எண் வரும். இலக்கியம் எதுவானாலும், அச்சில் உள்ள வரி சாவிக்கு ஆகாது.

கணினியின் தற்செயலை நம்பாதவர்கள் பகடை உருட்டலாம். சீட் உண்டாக்கும் சீட்சைனர் போன்ற கருவிகள் பகடை எண்களை ஏற்கும். 12 சொற்களுக்கு 50 உருட்டல், 24-க்கு 99. ஆறு பக்கப் பகடை வேண்டும். தாயக்கட்டைக்கு நாலு பக்கம்தான்.

என் அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது. எனக்கு ஏதாவது ஆனால் அவர்தான் எடுக்க வேண்டும். சீட்டைத் தமிழில் எழுதி வைக்கலாமா?
– வாசகி, வாலாஜாபேட்டை

உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதாதீர்கள். சீட் சொற்கள் எடுக்கப்படும் பட்டியலில் 2,048 சொற்கள். அதில் வலப்பக்கம் என்ற ரைட்டும் உண்டு, எழுது என்ற ரைட்டும் உண்டு. கொக்கு என்ற கிரேனும், தானியம் என்ற கிரேனும் தமிழ் எழுத்தில் ஒன்றாகிவிடும். இரண்டே சொல்லில் குழப்பம் என்றால் நாலு விதமாய் முயன்று பார்த்துவிடலாம். ஏழெட்டில் என்றால் சோதனைதான்.

அந்தப் பட்டியலில் சொற்களின் வரிசை எண்ணை எழுதுங்கள். பட்டியல் மாறாதது, எண்ணை யாரும் படிப்பார். எண்ணிக்கையை 1-லிருந்து தொடங்கினீர்களா 0-விலிருந்தா என்பதையும் எழுத வேண்டும். சில கருவிகள் 0-விலிருந்து எண்ணும், அப்போது 12 சொல்லும் ஒவ்வொரு இடம் தள்ளிப்போகும். ஆங்கிலச் சொற்களும் எண்களும் ஒரே தாளில் இருக்கட்டும். எதைச் செய்ய வேண்டும், எந்த உறவினரைக் கூப்பிட வேண்டும் என்ற தமிழ்க் குறிப்பு மட்டும் தனித் தாளில், தனி இடத்தில்.

எழுதிய காகிதத்தை எங்கே வைப்பது? லேமினேட் செய்யலாமா?
– வாசகர், ராணிப்பேட்டை

ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்வது சாவியைக் கடைக்காரர் கையில் கொடுத்து வாங்குவது. ஜெராக்ஸும் வேண்டாம், சில பெரிய மெஷின்களுக்குள் ஹார்ட் டிஸ்க் உண்டு. போனில் படம் எடுத்தால் அது தானாகக் கூகுள் போட்டோஸுக்கு ஏறும். பல ஜெல் பேனாக்களின் மை தண்ணீரில் கரையும். பென்சில் கரையாது.

பெரிய தொகையானால் உலோகத் தகடு. 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 2 மி.மீ. தகடு உங்கள் ஊர்ப் பட்டறைகளில் துண்டாகவே கிடைக்கும். ஹார்டுவேர் கடையில் 4 மி.மீ. எழுத்துப் பஞ்ச் செட் வாங்குங்கள். ஒவ்வொரு சொல்லிலும் முதல் நாலு எழுத்து அடித்தால் போதும், பட்டியலில் எந்த இரு சொல்லுக்கும் முதல் நாலு எழுத்து ஒன்றாக இருக்காது. ஆக மொத்தம் அதிகபட்சம் 48 அடி. அலுமினியம் வேண்டாம், 660 டிகிரியில் உருகும், வீட்டுத் தீ அதைத் தாண்டலாம். பட்டறையில் பொறிக்கக் கொடுக்காமல் நீங்களே அடியுங்கள்.

இரண்டு பிரதி, இரண்டு ஊர். 2021 நவம்பரில் பாலாறு என்ன செய்தது என்று கரையோரத்தார் மறந்திருக்க மாட்டார்கள். கீழ்த்தள அலமாரி ஒன்றில் மட்டும் வைப்பது சரியல்ல. வங்கி லாக்கர் நல்ல இடம்தான். ஆனால் தீ, திருட்டு, ஊழியர் மோசடி ஆகியவற்றில் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் 100 மடங்கு வரைதான். 2,000 ரூபாய் வாடகைக்கு 2 லட்சம். வெள்ளம் போன்ற இயற்கைச் சீற்றத்துக்கு அதுவும் இல்லை.

ஆறு சொல் இங்கே, ஆறு சொல் அங்கே என்று பிரிக்காதீர்கள். ஒரு பாதி தொலைந்தால் உங்களுக்கு எல்லாம் போகும். ஒரு பாதி கிடைத்தவனுக்கோ வேலை பலகோடி மடங்கு சுலபமாகும்.

யுஎஸ்டிடி-யையும் இதே பென்டிரைவில் வைக்கலாமா?
– வாசகர், சோளிங்கர்

எலெக்ட்ரம் பிட்காயினுக்கு மட்டும். யுஎஸ்டிடி (டாலர் மதிப்பைப் பின்பற்றும் காயின்), ஈத்தர் போன்றவற்றுக்கு, சாவியைத் தனக்குள்ளேயே வைத்துக் கையெழுத்திடும் தனிக் கருவியான நல்ல ஹார்டுவேர் வாலட் வாங்குவதே எங்கள் யோசனை. ஆஃப்லைன் லேப்டாப்பில் அவற்றை இயக்கும் வழிகள் கடினம், தவறுக்கு இடம் அதிகம். தயாரிப்பாளரிடமிருந்தே வாங்குங்கள். பெட்டிக்குள் சீட் ஏற்கெனவே எழுதி வந்தால் அது மோசடி. ட்ரான் பிணையத்தில் யுஎஸ்டிடி எடுத்தால், அதை நகர்த்தக் கட்டணமாகக் கொஞ்சம் டிஆர்எக்ஸும் (ட்ரானின் சொந்தக் காயின்) அதே முகவரியில் வேண்டும். அது இல்லாமல் பணம் கண்ணில் தெரிந்தும் கையில் வராது.

என் வாலட்டுக்கு மாற்றினால் வரி உண்டா?
– வாசகர், திருப்பத்தூர்

உங்கள் எக்ஸ்சேஞ்ச் கணக்கிலிருந்து உங்கள் வாலட்டுக்குப் போவது விற்பனை அல்ல. விற்கும்போது 2022 ஏப்ரல் முதல் லாபத்துக்கு 30 சதவீதம், மேலே செஸ். வாங்கிய விலையைத் தவிர வேறு கழிவு இல்லை, ஒரு காயின் நஷ்டத்தை இன்னொன்றில் ஈடுகட்டவும் முடியாது. அதனால் வாங்கிய தேதியும் விலையும் உள்ள எக்ஸ்சேஞ்ச் அறிக்கையை இறக்கி, சீட்டிலிருந்து தனியாக வைத்து, ஆடிட்டரிடம் காட்டுங்கள். சில ஆப்களில் காயினை வெளியே எடுக்கவே விடமாட்டார்கள், வாங்கும் முன்பே பாருங்கள்.

டெலிகிராமில் ஒருவர், வாலட்டைச் சரிபார்க்க 12 சொற்களைக் கேட்கிறார்.
– வாசகர், பேரணாம்பட்டு

கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டிருந்தால் இந்த வரியைப் படித்து முடிக்கும் முன் புதுச் சீட்டுக்கு எல்லாவற்றையும் மாற்றுங்கள். பிறகு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் புகார்.

அண்ணன் தம்பி மூன்று பேர் சேர்ந்து வாங்கியிருக்கிறோம். ஒருவர் மட்டும் எடுக்க முடியாதபடி வைக்க வழி உண்டா?
– வாசகர், அரக்கோணம்

உண்டு. எலெக்ட்ரமில் "மல்டி சிக்னேச்சர்" வாலட், மூன்றில் இருவர் கையெழுத்து. மூவரும் தனித்தனிப் பென்டிரைவில், தனித்தனியாகச் சீட் உண்டாக்க வேண்டும். பரிமாறிக்கொள்வது மாஸ்டர் பப்ளிக் கீயை மட்டும். முகவரி 42 எழுத்துக்குப் பதில் 62 எழுத்து வரும், பயப்பட வேண்டாம்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. மூன்றில் இரண்டு சீட் இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். கையெழுத்துக்குப் போதும், ஆனால் முகவரியைக் கண்டுபிடிக்க மூன்று மாஸ்டர் பப்ளிக் கீயும் வேண்டும். ஒருவர் சீட்டும், அவருடைய பப்ளிக் கீயும் சேர்ந்து தொலைந்தால் மற்ற இருவர் கையிலும் சீட் இருந்தும் பணம் வராது. எனவே ஒவ்வொருவர் தாளிலும் அவரவர் சீட்டோடு மூவரின் பப்ளிக் கீயும் இருக்கட்டும். 111 எழுத்துக் கோவையைக் கையால் எழுதினால் பிழை வரும். நெட்டில் இல்லாத பிரின்டரில் எடுங்கள், அல்லது மூவரின் மெமரி கார்டிலும் கோப்பாக வையுங்கள். ஒருவர் சீட் தொலைந்தது என்று தெரிந்தால் அந்த வாரமே மற்ற இருவரும் கையெழுத்திட்டுப் புது வாலட்டுக்கு மாற்றிவிடுங்கள்.